பலகையில் எழுதிய வார்த்தை

என் மகள் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியையாக இருந்தாள். பேர்தான் பேராசிரியை, வேலையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். சென்னைப் பேச்சு பற்றிய வகுப்பில், காதில் விழுந்ததைப் பூசி மெழுகாமல் சொல்லும்படி பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறாள். எர்ணாவூர் மாணவி ஒருத்தி, ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைத் தட்டிக் கேட்கப்போன தன் அம்மாவை அங்கிருந்த காவலாளி திட்டிய வார்த்தையைச் சொன்னாள். என் மகள் அதை அப்படியே பலகையில் எழுதினாள். யாரோ போனில் படம் எடுத்துவிட்டார்கள். படத்தில் வார்த்தையும் இவள் கையெழுத்தும் மட்டும்தான் இருந்தன.

படம் பரவியதும் கல்லூரி வைத்த விசாரணைக்கு நானும் போனேன், ராயபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி. உள்ளே விசாரணைக் குழுவுக்கு ஐந்து நாற்காலி. வெளியே பெஞ்சில் நானும், சாட்சி சொல்ல வந்த அந்த மாணவியின் அம்மாவும். மீன் விற்பவள். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை மிஞ்சும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். "போட்டுத் தொலையேன்" என்று காலையிலிருந்து ஏழு தடவையாவது மகளிடம் சொல்லியிருப்பேன்.

"பேஜார் ஆவாத நைனா," என்றாள் மீன்காரம்மா. "எங்க குப்பத்துல, திட்டு வாங்கினவ பஞ்சாயத்துல நின்னு, இன்னா சொன்னான்னு வாய்விட்டுச் சொல்லணும். அப்பத்தான் தீர்ப்பு. நான் சொல்லிட்டா முடிஞ்சிடும்."

மீன்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. மீன் ஏலம் கூறும் குரலில் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"இத்தான் சொன்னான். என்னைத்தான் சொன்னான். டீச்சரம்மா யாரையும் திட்டல."

குழுத் தலைவர், "வெளியே போம்மா, இது காலேஜ்," என்றார். பிறகு மகளிடம், "பாத்தீங்களா மேடம், எதுல வந்து நிக்குதுன்னு."

"இவங்களைத் திட்டினவனுக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்க சார். அவன் போட்டா நானும் கையெழுத்துப் போடறேன்," என்றாள் மகள்.

"அது நம்ம விஷயம் இல்லை."

மகள் கையெழுத்துப் போடாமல் காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த வருஷம் வேலை புதுப்பிக்கப்படவில்லை. இப்போது மாத்தூரில் டியூஷன் எடுக்கிறாள். கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்று இன்றும் சொல்கிறேன்.

மீன்காரம்மா வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு வருகிறாள். போன வாரம், "நான் வாய தொறந்ததாலதான் போச்சா நைனா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

எடை போட்ட பிறகு இரண்டு சங்கரா மீன் அதிகமாகப் போட்டாள். எண்ணி எடுத்துத் திருப்பி வைத்தேன். மறுபடி எடுத்துப் போட்டாள்.