லேப்டாப்பில் மட்டும் குறைந்த மழை

புனேயில் ஆராய்ச்சியாளர்களுக்கு நான் கன்டெய்னர் வகுப்பு எடுத்தபோது அந்த மழை ஆய்வாளரைச் சந்தித்தேன். ஒரு நிரலையும் அது ஓடத் தேவையான மென்பொருள்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டால் எந்தக் கணினியிலும் ஒரே விடை வரும் என்பதுதான் பாடம். அவர் அந்த ஊர் கேம்ப் பகுதியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண், நாற்பதைத் தாண்டியவர். எதை ஓட்டினாலும், விடை வரும்வரை கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருப்பார்.

அன்று தன் மழை ஆய்வையே கட்டிக் கொண்டுவந்தார். பல வருட உழைப்பு; கட்டுரையை ஓர் ஆய்வுப் பத்திரிகை ஏற்றுக்கொண்டிருந்தது. பொட்டலத்தை என் கணினியில் ஓட்டினோம், பக்கத்தில் இருந்தவருடையதிலும் ஓட்டினோம். மழை குறைகிறது என்ற அவருடைய முடிவு இரண்டிலும் வரவில்லை. பொட்டலத்தில் ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தது; அவர் லேப்டாப்பில் இருந்த பழைய பதிப்பின் பிழைதான் மழையைக் குறைத்துக் காட்டியிருந்தது.

“இன்னும் அச்சாகலையே மேடம், திருத்திடலாமே,” என்றேன்.

“அரே, திருத்த என்ன சார் இருக்கு? மழை குறையுதுங்கறதுதான் கட்டுரையே. அது என் லேப்டாப்ல மட்டும்தான் குறையுது. சலோ, வாபஸ் வாங்கிடறேன்.”

அங்கேயே உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். அனுப்பி முடித்ததும் நிமிர்ந்து, “அடுத்த பயிற்சி என்ன சார்?” என்றார்.