சஜ்ஜாவில் வைத்த காமிக்ஸ்

ரமா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பாள். வீட்டுக்காரர்களின் முகம் அப்புறம். அவளுடைய அப்பா மேஸ்திரி. தர்மபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, கட்டிடம் கட்டிடமாகக் குடும்பத்தோடு மாறிக்கொண்டே இருந்தவர். எட்டாவதோடு ரமாவின் படிப்பு நின்றதும் அதனால்தான். புது இடத்தில் பள்ளிக்கூடம் எங்கே என்று யாரும் விசாரிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்பது அவளுக்கு எப்போதுமே வராது.

இப்போது லிங்கராஜபுரத்தில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். கணவன் பழனிச்சாமிக்கு ஐ.டி. கம்பெனி ஒன்றின் கேன்டீனில் சூப்பர்வைசர் வேலை. மகள் வைஷ்ணவி இரண்டாவது பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது படிக்கிறாள். ரமா ஹாலில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள், புடவைக்கு ஃபால் அடிக்கிறாள். அளவு கொடுக்க வரும் பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். இவள் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பெரிய சைஸ் காமிக்ஸ் புத்தகங்கள்.

சின்ன வயதில், பெங்களூர் அடுகோடியில் அப்பா கட்டிட வேலை செய்த ஒரு சைட்டுக்குப் பக்கத்திலிருந்த பழைய பேப்பர் கடையில் உள்ளங்கை அளவு காமிக்ஸ் கிடைக்கும். கடைக்காரர் சும்மாவே கொடுப்பார். குதிரையில் வருகிறவன், துப்பாக்கி, பாலைவனத்து ஊர். படம் அத்தனை சின்னதாக இருக்கும். முன்னால் நிற்கிறவன் தெரிவான், பின்னால் இருப்பவர்கள் எல்லாம் வெறும் மைப்புள்ளி. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு தமிழ்ப் புத்தகக் கண்காட்சிக்குப் போனபோது அதே கதையை மறுபதிப்பாகப் பார்த்தாள். கெட்டி அட்டை, முறம் போல அகலம், தூக்கவே இரண்டு கை வேண்டும். நின்ற இடத்திலேயே பிரித்தாள். அந்த மைப்புள்ளிகளில் ஒன்று, தண்ணீர் வாளியோடு கதவோரம் நிற்கும் ஒரு பெண். சண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பேச்சு எதுவும் எழுதவில்லை. கையில் வாளி மட்டும் சாய்ந்திருக்கிறது, தண்ணீர் காலில் சிந்துகிறது. இத்தனை வருஷம் அவள் அங்கேயே நின்றிருக்கிறாள், தனக்குத் தெரியவில்லையே என்று ரமாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

அதன்பிறகு வாங்க ஆரம்பித்தாள். கதாநாயகனை அவள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பின்னால் நிற்பவர்களைத்தான் ஒவ்வொரு கட்டமாகத் தேடிப் படிப்பாள்.

முதல் புத்தகத்தை மறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனிச்சாமியின் அக்கா குடும்பம் சாப்பிட வந்திருந்தது. பழனிச்சாமி அதைத் தூக்கிப் பிடித்து, "உங்க தம்பி பொண்டாட்டி பரீட்சைக்குப் படிக்கிறா, பாருங்க" என்று சொல்லி, நடுவீட்டில் நின்று "டுமீல், ஆ, செத்தேன்" என்று குரல் மாற்றிப் படித்துக் காட்டினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வைஷ்ணவியும் சிரித்தாள், அப்போது அவள் சின்னப் பிள்ளை. பழனிச்சாமி கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை, குடிப்பதில்லை. அன்றைக்கு அவருக்கு அது ஒரு தமாஷ், சாயங்காலமே மறந்துவிட்டார். ரமா மறக்கவில்லை.

அடுத்த புத்தகத்திலிருந்து பார்சல் எல்லாம் மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா மௌரீன் பெயருக்கு வரும். லைனிங் துணி என்று ரமா சொல்லி வைத்திருந்தாள். "என்னம்மா இது, செங்கல்லு மாதிரி கனக்குது உன் லைனிங்" என்று மௌரீன் ஆன்ட்டி ஒவ்வொரு தடவையும் கேட்பார். ரமா சிரித்து மழுப்புவாள். கொண்டுவந்து, யாரும் இல்லாத நேரத்தில் கையைக் கழுவித் துடைத்து, ஜன்னலோரம் வைத்துப் படிப்பாள். பிறகு உண்மையிலேயே லைனிங் துணியில் சுற்றி, படுக்கையறை சஜ்ஜாவில் படுக்கப்போட்டு அடுக்குவாள். நிறுத்தி வைத்தால் அந்தக் கனத்துக்குப் புத்தகத்தின் முதுகு தொய்ந்துவிடும். சஜ்ஜா என்றால், சுவரிலிருந்து நீட்டிவிட்ட சிமெண்ட் பரண். பெங்களூர் வீடுகளில் எல்லா அறையிலும் இருக்கும். அதற்கு நேர் கீழே வைஷ்ணவியின் கட்டில்.

ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறியபோதுதான் பார்த்தாள். சஜ்ஜாவின் மேல்பக்கம், சுவரோடு சேருமிடத்தில், தலைமுடி போல ஒரு கோடு. விரலால் தடவினாள். நகம் உள்ளே போனது.

ரமா அப்படியே ஸ்டூலில் நின்றாள். ஹாலில் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைக்க வைஷ்ணவி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா விரிசலைப் பார்த்தால் அதன் குறுக்கே மைதாப் பசையில் ஒரு காகிதத் துண்டை ஒட்டுவார். காகிதம் கிழியாமல் இருந்தால் பழைய விரிசல், பயமில்லை. கிழிந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரமாவும் ஒட்டினாள். கணவனும் மகளும் வெளியே போனபின் தினமும் காலையில் ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். கொஞ்ச நாள் காகிதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு காலையில் நடுவில் கிழிந்திருந்தது. ஃபேன் காற்றில் கிழிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேறொன்றை ஒட்டினாள். ஃபேன் காற்று அங்கே எட்டாது என்று அவளுக்குத் தெரியும்.

புத்தகங்களை இறக்கினால் எங்கே வைப்பது? ஹால் முழுக்கத் தையல் வாடிக்கைக்காரர்கள். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு. எங்கே வைத்தாலும் கண்ணில் படும், அக்கா குடும்பம் வரும், பழனிச்சாமி எடுத்துப் படித்துக் காட்டுவார். மௌரீன் ஆன்ட்டியிடம் விரிசலைச் சொன்னால், மேலே என்ன பாரம் ஏற்றினாய் என்று கேட்பார். அவர் பெயருக்கே பார்சல் வரவழைத்துப் பொய் சொன்னது வெளியே வரும். வீட்டைக் காலி செய் என்றால் பரீட்சை வருஷத்தில் எங்கே போவது? ரமா யோசித்து யோசித்து, கடைசியில் வைஷ்ணவியின் தலையணையை மட்டும் கட்டிலின் மறுபக்கத்துக்கு மாற்றினாள். இந்தப் பக்கம் காற்று நன்றாக வரும் என்றாள். வைஷ்ணவி அதைப் பழையபடி திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஹாலில் படேன் என்றாள் ரமா. நீ மெஷின் ஓட்டினால் எப்படிப் படிக்கிறது என்று கேட்டாள் மகள். அது நியாயமான கேள்வி.

ரமா துணியைத் தப்பாக வெட்ட ஆரம்பித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எங்கே ஒரு சத்தம் கேட்டாலும் படுக்கையறை வாசலில் போய் நின்றாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் வைஷ்ணவி காய்ச்சலோடு காலேஜிலிருந்து திரும்பி வந்தாள். மாத்திரை போட்டு, கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டாள். ரமா கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகளின் கூந்தலில் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. பொடுகு என்று நினைத்துத் தட்டினாள். விரலில் நறநறவென்றது. மணல். தலையணையிலும் கொஞ்சம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சிட்டிகை மேலிருந்து உதிர்ந்து, வைஷ்ணவியின் காதோரம் விழுந்தது.

கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"வைஷு, எழுந்திரு."

"ஜுரம்மா. விடும்மா."

"எழுந்து ஹாலுக்கு வா."

"எதுக்கு?"

அந்த எதுக்குக்குத்தான் ரமா இத்தனை நாளாகப் பயந்திருந்தாள். பாம்பு என்று சொல்லலாம். தேள் என்று சொல்லலாம். எதுவும் வாயில் வரவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வைஷ்ணவி எரிச்சலோடு கையை உதறினாள்.

"மேல என் புக்கு இருக்கு" என்றாள் ரமா. "ரொம்ப கனம். சஜ்ஜா வுட்டுப்போச்சு. எழுந்திருடி கண்ணு."

வைஷ்ணவி மேலே பார்த்தாள். அடுத்த நிமிஷம் ஹாலில் இருந்தாள்.

அதன்பிறகு எல்லாமே நடக்கக்கூடாது என்று ரமா நினைத்திருந்த வரிசையிலேயே நடந்தது. வைஷ்ணவி அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். மாடிக்கு ஓடினாள். மௌரீன் ஆன்ட்டி நைட்டியின் மேல் டவலைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, வாசற்படியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா வெச்ச மேல?"

"புக்கு, ஆன்ட்டி."

"லைனிங்னு சொன்ன?"

ரமா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கட்டிலைத் தள்ளு என்றார் மௌரீன் ஆன்ட்டி. அடுத்த தெருவில் வேலை செய்துகொண்டிருந்த நாகேஷ் மேஸ்திரிக்கும் ஃபோன் போட்டார்.

கட்டிலை வெளிப்பக்கம் இழுத்தார்கள். மெத்தையை மட்டும் சஜ்ஜாவின் விளிம்புக்கு முன்னால் தரையில் விரித்தார்கள். ரமா எட்டத்திலேயே ஸ்டூலைப் போட்டு ஏறினாள். மௌரீன் ஆன்ட்டி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். மாப்புக் குச்சியால் ஒவ்வொரு புத்தகமாக இழுத்துத் தள்ளினாள். கை துடைக்காமல் தொடாத புத்தகங்கள். லைனிங் துணி அவிழ்ந்து, அட்டை விரிந்து, முனை மடங்கி மெத்தையில் தொப்தொப்பென்று விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் மேலிருந்து மணல் உதிர்ந்தது. கடைசியில் ஒன்று மட்டும் சுவரோரமாக நின்றது. கண்காட்சியில் வாங்கிய முதல் புத்தகம். குச்சி அதைத் தொட்டது, ஆனால் நகர்த்த முடியவில்லை. ஒரு முட்டியை சஜ்ஜாவில் ஊன்றினால் எட்டிவிடும். ரமா முட்டியைத் தூக்கிக்கூட விட்டாள்.

"இறங்கு" என்றார் மௌரீன் ஆன்ட்டி. புடவையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். "சொல்றேன்ல. இறங்கு."

பழனிச்சாமியும் நாகேஷும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்தார்கள். பழனிச்சாமி மழையில் நனைந்திருந்தார். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், அறையை எட்டிப் பார்த்தார், தரையில் மலைபோல் கிடந்த புத்தகங்களைப் பார்த்தார். ஒன்றைக் காலால் திருப்பினார். அவர் முகம் மாறுவதை ரமா கவனித்தாள். எத்தனையோ வருஷமாகப் பயந்த அந்தச் சிரிப்பு வந்தது.

"பொம்மை புக்கா?" என்றார். "மேஸ்திரி, பாருங்க. எம் பொண்டாட்டி வீட்டுக்குள்ளயே லைப்ரரி வெச்சிருக்கா. டுமீல் டுமீல்." நாகேஷும் மரியாதைக்காகச் சிரித்தார். மௌரீன் ஆன்ட்டி சிரிக்கவில்லை. ரமா சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் சுட்டது. ஆனால் அவள் பார்வை அவர்மேல் இல்லை. சஜ்ஜாவின் மேல் இருந்தது.

நாகேஷ் எல்லோரையும் வாசலுக்குப் போகச் சொன்னார். ஓரமாக நின்று சுத்தியால் லேசாகத் தட்டினார். டொக்கென்று பொள்ளலாக ஒரு சத்தம். "பூரா ஹோகிடுச்சு, போயிடுச்சு அக்கா" என்றார். "உள்ள கம்பி துரு." இன்னொரு தடவைதான் தட்டினார். சஜ்ஜா முழுதும் சுவரிலிருந்து ஒரே பாளமாகக் கழன்று, கட்டில் இருந்த இடத்தில் விழுந்தது. தரை அதிர்ந்தது. டைல்ஸ் பிளந்தது. தூசி ஹால் வரைக்கும் வந்தது.

பழனிச்சாமி வைஷ்ணவியின் தோளைப் பிடித்திருந்தார். பிடித்த கை அப்படியே இருந்தது.

தூசி அடங்கியபின் நாகேஷ் சுவரில் சஜ்ஜா சேர்ந்திருந்த இடத்தைக் காட்டினார். கிழிந்த காகிதத் துண்டில் பாதி அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. விரிசல் ஓடுகிறதா என்று பார்க்க யாரோ முன்னாலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றார்.

பழனிச்சாமி திரும்பிப் பார்த்தார். "நீயா ஒட்டின?"

ரமா தலையாட்டினாள்.

"எப்ப?"

"ஆயுத பூஜைக்கு."

அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. "இத்தனை நாளா உனக்குத் தெரியுமா? தெரிஞ்சே இவளை இதுக்குக் கீழ படுக்க வெச்சியா?"

தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்வி அது. ரமா வாயைத் திறந்தாள்.

"தெரியும். சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு பயந்தேன்."

பழனிச்சாமி ஏதோ சொல்ல வந்தார். சற்றுமுன் தான் சிரித்தது அந்த அறையிலேயே இன்னும் இருப்பதுபோல வாயை மூடிக்கொண்டார். பிறகு இடிபாட்டுக்குள் இறங்கி, சிமெண்ட் கட்டிகளைப் புரட்டி, அடியில் கிடந்த அந்தக் கடைசிப் புத்தகத்தை இழுத்து எடுத்தார். நடுவில் கம்பி குத்தி ஓட்டை விழுந்திருந்தது. சட்டையில் துடைத்து அவளிடம் கொடுத்தார். அவளை மன்னித்துவிட்டாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ரமாவுக்கு இன்றுவரை தெரியாது. சில நாட்கள் அவர் சாப்பிடும்போது பேசவில்லை. பிறகு பேசினார்.

மௌரீன் ஆன்ட்டி வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. மாடிக் குளியலறையின் தண்ணீர்தான் சுவருக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது என்று நாகேஷ் சொன்னபின் அவரும் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். சஜ்ஜா இருந்த இடத்தைப் பூசிவிட்டார்கள். திரும்பக் கட்டவில்லை.

புத்தகங்கள் இப்போது ஹாலில், கட்டிங் மேஜைக்கு அடியில், செங்கல் வைத்துப் பலகை போட்டு அதன்மேல் இருக்கின்றன. அளவு கொடுக்க வரும் பெண்கள் பார்க்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். அக்கா குடும்பமும் வந்து சிரித்துவிட்டுப் போனது. சிரிப்பு இன்னும் சுடுகிறது, ஆனால் அதில் தலையில் விழுகிற கனம் இல்லை. தரையில் இருப்பதால் ரமாவுக்கு இப்போது கரையானைப் பற்றிப் பயம். மழை பலமாகப் பெய்தால் வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று எழுந்து போய்ப் பார்க்கிறாள். வைஷ்ணவியின் கட்டிலில் தினமும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறாள், மணல் இருக்கிறதா என்று. வைஷ்ணவி பார்த்துவிட்டால் போர்வையைச் சரிசெய்வதுபோல நடிக்கிறாள். மகளுக்கு எல்லாம் தெரியும், தெரியாததுபோல இருந்துகொள்கிறாள்.

ஓட்டை விழுந்த புத்தகத்தை ரமா ஒட்டவில்லை. கம்பி எல்லாப் பக்கத்திலும் புகுந்து போயிருக்கிறது. வாளியோடு அந்தப் பெண் நிற்கும் பக்கத்தில் ஓட்டை கதவில் விழுந்திருந்தது, அவள்மேல் படவில்லை. விரற்கடை தூரம்தான்.

போன வாரம் மாடியிலிருந்து, தெருவே கேட்கிற மாதிரி மௌரீன் ஆன்ட்டி கூப்பிட்டார். "ரமா, உன் காமிக்ஸ் வந்துருக்கும்மா. என்னால தூக்க முடியல, வந்து எடுத்துக்கோ."

எதிர்க் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரமா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்று, தலைக்கு மேலிருந்த மாடிப்படி ஸ்லாபை ஒரு கோடு விடாமல் பார்த்தாள். பிறகு மேலே போய், இரண்டு கையாலும் பார்சலை வாங்கிக்கொண்டாள்.