கறுப்பு வெள்ளையில் வந்த வரன்

அந்தப் புகைப்படம் அம்மாவின் கைபேசிக்கு வந்தபோது நான் எம்.ஏ. இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படம். ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுந்தது. தொப்புளுக்கு மேலே ஏறி நின்ற கால்சட்டை, அதன் இருபுறமும் இரண்டிரண்டு மடிப்பு, அகன்ற காலர், எண்ணெய் தடவி வகிடெடுத்த தலை, மேலுதட்டில் கோடு கிழித்ததுபோல் ஒரு மீசை. யாருடைய தாத்தாவோ என்று நினைத்தேன். படத்தில் அவருக்குப் பக்கத்திலிருந்த மேசையின் ஓரத்தில் ஒரு கைபேசி சார்ஜர் தெரிந்தது. அதை வைத்துத்தான் இது இன்றைய படம் என்று உறுதி செய்துகொண்டேன்.

“பழைய படத்து ஹீரோ கணக்கா இருக்கான் பாரு,” என்றார் அம்மா. “கீழ்பென்னாத்தூர் தாலுகா ஆபீஸ்ல வேலை. மேல படிக்க வைக்கிறோம்னும் சொல்றாங்க.”

“ஏன் இப்படி உடுத்தியிருக்கார்?”

“போட்டோவுக்குப் போட்டிருப்பான். இதெல்லாம் ஒரு கேள்வியா?”

எனக்கு அது ஒரு கேள்வியாகவே இருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு வரன்களை நான் காரணம் சொல்லாமல் மறுத்திருந்தேன். இரண்டாவது முறை அப்பா ஒரு நிபந்தனை விதித்தார்: “வேணாம்னா வேணாம்தான். ஆனா இனிமே காரணம் சொல்லணும். காரணம் இல்லனா நான் பேசி முடிச்சிடுவேன்.” அப்பா கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவர் சொன்னதைச் செய்வார் என்று தெரிந்தது. ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்த எனக்கு, இந்த மூன்றாம் வரனில் ஏற்க ஒரு நம்பிக்கையோ மறுக்க ஒரு காரணமோ வேண்டியிருந்தது.

அப்பா கீழ்பென்னாத்தூருக்குப் போய், தாலுகா ஆபீஸ் எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு டீ குடித்து விசாரித்து வந்தார்.

“ஒரு கெட்ட பழக்கம் கிடையாதாம். சிகரெட்டு கூட இல்ல. டிரஸ்தான் கொஞ்சம் ஜாஸ்தி. டெய்லி அப்படித்தான் வர்றானாம், கறுப்பும் வெள்ளையுமா ஷூ போட்டுக்கிட்டு.”

“டெய்லியா?” என்றேன்.

“ஆமா. பட்டா மாத்த வர்ற கிழவிங்க, வாத்தியார் படத்துல வர்ற தம்பி இருக்காரானு கேட்டுக்கிட்டு வராங்களாம்.” அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் புகைப்படத்துக்காக உடுத்துவது விளையாட்டு. ஒவ்வொரு நாளும் அந்த மீசையை அந்த அளவில் நிறுத்திவைப்பதற்குப் பின்னால் ஏதோ ஒரு முடிவு இருக்கிறது. அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றில் அப்படிப்பட்ட கால்சட்டை அணிந்தவன் பேசும்போது எதிரே நிற்பவள் தரையைத்தான் பார்ப்பாள். நாயகனின் உடையைத் தனக்குத் தைத்துக்கொண்டவர் நாயகியின் உடையை யாருக்காக எடுத்துவைத்திருக்கிறார்?

இந்த ஐயத்துக்கு ஒரு சான்றும் வந்து சேர்ந்தது. பார்க்கப் போவதற்கு முந்தின நாள் தரகர் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னார்: “பொண்ணுக்குப் புள்ளி போட்ட புடவை இருந்தா கட்டச் சொல்லுங்க. பஃப் கை வெச்ச ரவிக்கை இருந்தா இன்னும் நல்லதாம்.” கேட்டது மாப்பிள்ளையா, அவருடைய தாயாரா என்று தரகருக்குத் தெரியவில்லை. நான் புள்ளியில்லாத பச்சைப் புடவையைக் கட்டினேன்.

எங்கள் ஊரில் முதல் பார்வை பெரும்பாலும் பெரிய கோயிலில்தான் நடக்கும். இரு வீட்டாரும் சாமி கும்பிட வந்தவர்கள்போல வந்து, தற்செயலாகச் சந்தித்ததாகப் பேசிக்கொள்வார்கள். பிடிக்காமல் போனால் தெருவுக்குத் தெரியாது. அது சித்திரை மாதம், பத்தரை மணி. ராஜகோபுரத்துக்கு வெளியே, செருப்பு வைக்கும் இடத்தில் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். படத்தில் இருந்த அதே ஆள், அதே கோணத்தில் முகத்தைத் திருப்பியபடி நின்றார். கறுப்பு வெள்ளை ஷூவைக் கழற்றி, கொண்டுவந்திருந்த துணிப்பையில் ஒவ்வொன்றாகப் போட்டு ஒப்படைத்தார்.

அவர் கணக்கில் கொள்ளாத ஒன்று அப்போது வெளிப்பட்டது. அந்தக் கால்சட்டை ஷூவின் குதிகால் உயரத்துக்கு அளந்து தைக்கப்பட்டது. வெறுங்காலில் அதன் விளிம்பு இரண்டு அங்குலம் தரையில் புரண்டது. அந்தப் படங்களில் யாரும் கோயில் வாசலில் ஷூவைக் கழற்றி, அதே கால்சட்டையோடு உள்ளே நடந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் குனிந்து இரு கால்களையும் மடித்துவிட்டார். நான்கைந்து அடி நடந்ததும் இடது கால் மடிப்பு அவிழ்ந்தது. மறுபடி குனிந்தார். அந்த ஒரு கணம் மட்டும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

தரிசனம் முடிந்ததும் பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். குளத்துப் படிக்கு அருகே ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தோம். அவர் மடிப்புக் கலையாமல் உட்காரத் தெரிந்தவராக இருந்தார்.

“எல்லாரும் கேக்கறதைத்தானே நீங்களும் கேக்கப் போறீங்க?” என்றார். “கேளுங்க.”

“எதுக்கு இந்த டிரஸ்?”

“முதல்ல நானும் ஜீன்ஸ்தான் போட்டேங்க. ஆபீஸ்ல ஒரு ஆளு மதிக்கல. டேய் தம்பி, டீ சொல்லுன்னாங்க. ஒரு நாள் இப்படிப் போனேன். அன்னைக்கே சார்னு கூப்பிட்டாங்க.”

அது உண்மையாக இருக்கலாம். பலமுறை சொல்லிப் பழகியதாகவும் இருக்கலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“புள்ளி போட்ட புடவை கேட்டது நீங்களா?”

“சும்மா. ஜோடியா ஒரு போட்டோ எடுத்தா நல்லா இருக்குமேனு,” என்று புன்னகைத்தார். “நீங்க எது கட்டினாலும் எனக்கு ஓகேதான்.”

அந்த இரண்டாம் வாக்கியம் மிக விரைவாக வந்தது.

பதினொன்றரைக்கு அம்மா கையசைத்து அழைத்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே திறந்த கல் முற்றம். நடைக்காக விரித்திருந்த தேங்காய் நார்ப்பாய் சற்றுத் தள்ளி இருந்தது. அதை எட்டக் கொதிக்கும் கல்லில் இருபது அடி கடக்க வேண்டும். எங்கள் மண்டபத்தின் மறுமுனையில் துணைக்கு உட்கார்ந்திருந்த அப்பா முதலில் எழுந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அப்பப்பா” என்று கத்தியபடியே ஓடினார். நானும் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எவரும் ஓடுவார்கள்.

அவர் ஓடவில்லை. ஒரு கை கால்சட்டைப் பையில், முகவாய் சற்றே உயர்ந்திருக்க, அளந்த நடையில் வந்தார். பாயின் பக்கமும் திரும்பவில்லை. முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை, புன்னகையும் மாறவில்லை. “பாரேன், என்னா நடை!” என்று அவருடைய தாயார் பெருமையோடு சொன்னார்.

பிறகு அவர் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லித் தூணுக்குப் பின்னால் போனார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிந்தது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, மறு காலின் பாதத்தை இரு கைகளாலும் மாற்றி மாற்றித் தேய்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஊதினார். கண்ணில் நீர் இருந்தது. எழுந்து போய் என் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. பாதி எழுந்தும்விட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்தார்.

அவர் சிரித்திருந்தால், ஒரு முறை “சுடுதுங்க” என்று சொல்லியிருந்தால், நான் சம்மதித்திருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் தூக்கியிருந்த கால் தரைக்கு இறங்கியது. முகவாய் உயர்ந்தது. புகைப்படத்தில் இருந்த அதே புன்னகை, அதே கோணத்தில், முகத்தில் வந்து உட்கார்ந்தது. நான் எதையும் பார்க்கவில்லை என்பதுபோலத் தலையை மெல்ல அசைத்தார். ஒரு வீட்டுக்குள், வலியையோ கோபத்தையோ இந்தப் புன்னகைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இவர் எத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணினேன். அதற்கு எதிரே உட்கார்ந்து நானும் எதையும் பார்க்காதவளாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் வேண்டாம் என்றேன்.

“காரணம்?” என்றார் அப்பா.

“கல்லு சுட்டுச்சு. அவர் ஓடல.”

அம்மா கையிலிருந்த பூவை மேசைமேல் போட்டார். “இன்னாடி இது? சிகரெட்டு பிடிக்கிறான், குடிக்கிறான்னா சொல்லலாம். கால் சுட்டு ஓடலனு தரகர்கிட்ட எப்படிச் சொல்றது? பொறுமைசாலினு ஊரே மெச்சும்.”

நான் தூணுக்குப் பின்னால் பார்த்ததைச் சொல்லவில்லை. அவர் மறைத்துக்கொண்டதை வெளியே எடுத்து வைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அது இல்லாமல் என் காரணம் எவ்வளவு மெலிந்தது என்பதும் தெரிந்தது.

அப்பா தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் எழுந்திருந்தது.

“ஓடியும் எனக்கு இப்படி இருக்கு,” என்றார். “அந்தக் கல்லுல மாடு கூட நிக்காது. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” பிறகு அம்மாவிடம், “ஜாதகம் சரியா வரலனு சொல்லிடு,” என்றார்.

அம்மா கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நான் வாளியில் தண்ணீர் பிடித்து, அப்பாவின் காலுக்கு அருகே வைத்தேன்.