பிள்ளையாருக்குத் தெரிந்த பஸ்கி

பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. "தினம் உக்காந்து எழுந்து பஸ்கி போடு, காலுக்கு வலு வரும்" என்றார் டிரில் டீச்சர். வயதுக்கு வந்த பிறகும் என்னைப் படிக்க அனுப்பியதே மயிலாப்பூரில் பெரிய விஷயம். வீட்டில் பஸ்கி போட விடுவார்களா? காதை மாற்றிப் பிடித்துக்கொண்டு, தெருமுனைப் பிள்ளையார் முன்னால் போட்டேன். தோப்புக்கரணத்தை யார் தடுக்க முடியும்? சாயங்காலந்தோறும் தொடை நடுங்கும்வரை போட்டதில், குளத்துப் படிகளை மூச்சிரைக்காமல் ஓடி ஏறினேன்.

அம்மாதான் கெடுத்தாள். "பாவம், கொழந்தை வாய்விட்டுச் சொல்லாம பிள்ளையார்கிட்ட வேண்டிண்டிருக்கா. சீக்கிரமா ஒரு வரனைப் பாருங்கோ" என்று அப்பாவிடம் கண்கலங்கினாள். பந்தயத்துக்கு முந்தின வாரம் என் கல்யாணம்.

மாம்பலத்தில் புக்ககம். கிணறு கொல்லையில், மாமனார் குளிப்பது மாடியில். குடம் குடமாகச் சுமந்து ஏறினேன்.

"மூச்சே வாங்கலை பாருங்கோ! திடமான பொண்ணா கெடச்சிருக்கா" என்று மாமியார் வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள்.

அந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை நான் யாரையும் கேட்கவில்லை.