வகுத்தால் மாமா, கழித்தால் அண்ணன்

“பதினொண்ணாவது வரைக்கும் படிச்சி என்னா பண்ணப் போறா? மிஞ்சிப்போனா ஊர்ல நாலு பேருக்கு லெட்டர் படிச்சிக் காட்டுவா.”

என் தாய்மாமா அம்மாவிடம் இதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்த வருடம் முழுக்க மாமாவுக்கே படித்துக் காட்டவேண்டி வந்தது. கடிதத்தை அல்ல, இங்கிலாந்தின் கால்பந்து லீக்கை.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோவில் திருவிழா மே மாதம். சப்பரத்தின் முன்கழியை யார் தோளில் வாங்குவது என்று இளைஞர் சங்கத்தில் வருடா வருடம் சண்டை. கோவில் படிப்பகத்துக்கு ஓர் ஆங்கிலப் பேப்பர் வரும். அதில் கால்பந்துப் படம் பார்த்த யாரோ ஒருவர் யோசனை சொன்னார். அந்த நாட்டின் பெரிய லீக்கில் ஆடும் அணிகளைச் சீட்டு எழுதிக் குலுக்கி ஆளுக்கொன்று எடுப்பது. சீசன் முடிவில் எவன் அணி முதலிடமோ அவனுக்கு முன்கழி. இரண்டு பிள்ளை பெற்ற மாமாவும் சங்கத்தை விடாமல் இருந்ததால் அவரும் ஒரு சீட்டு எடுத்தார். அண்ணனும் எடுத்தான்.

ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திங்கட்கிழமை மாலை பஸ்ஸில் பேப்பர் வந்ததும் முடிவுகளைப் பார்த்துப் படிப்பகக் கரும்பலகையில் பட்டியல் எழுதுவேன். ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. அணிகளின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் மாமா டீம், அண்ணன் டீம் என்றே எழுதினேன். ராகி அறுத்துவிட்டு நேராக வந்து பலகை முன்னால் நிற்பார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பலகையில் ஒரு தப்பு வந்தால் படித்த பிள்ளை என்ற பேரே போய்விடும் என்பதும் தெரிந்திருந்தது.

கடைசி வாரம் மாமா டீமும் அண்ணன் டீமும் ஒரே புள்ளியில் நின்றன. எங்கள் தாலுகா போட்டிகளில் அப்படி வந்தால், போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிப்பார்கள். நானும் கழித்தேன். அண்ணன் மேலே வந்தான். அவன் மறுநாள் காலையிலேயே தருமபுரிக்குப் போய், முன்கழி தூக்க வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான்.

அன்று மாலை வந்த பேப்பரில் சாம்பியன் என்று மாமா டீமின் படம் போட்டிருந்தது. படித்துச் சொன்னேன். ஒருவரும் பலகையைச் சந்தேகப்படவில்லை. பேப்பரில்தான் மாற்றி அச்சடித்துவிட்டார்கள் என்றார்கள். முன்கழி கிடைக்க வேண்டிய மாமாவே அதைச் சொன்னார்.

“புள்ள வருசம் பூரா எழுதிருக்கு. பேப்பர்காரனுக்கு என்னா தெரியும்?”

பேப்பரை வீட்டுக்கு எடுத்துப்போய் வரிவரியாகப் படித்தேன். கடைசிப் பத்தியில் ‘ஆவரேஜ்’ என்ற சொல் இருந்தது. சராசரி என்றால் வகுத்தல். போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்த்தேன். மாமா டீம் மேலே வந்தது. சிலேட்டை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே விடைதான்.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணனின் சட்டையும் தைத்து வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் படிப்பகத்தில் கூடியபோது பலகை முன்னால் போய் நின்றேன்.

“தப்பு பேப்பர்ல இல்லிங்க மாமா. என்னுதுலதான்.”

எப்படி என்று கேட்டார்கள். பத்துப் போட்டு ஐந்து வாங்கினால், கழித்தால் ஐந்து, வகுத்தால் இரண்டு. ஆறு போட்டு இரண்டு வாங்கினால், கழித்தால் நான்கு, வகுத்தால் மூன்று. எழுதிக் காட்டினேன். அங்கே வகுக்கிறார்கள் என்றேன்.

“கூடப் பொறந்தவனயே கவுத்துட்டியே பாப்பா” என்றான் அண்ணன்.

“உன் டீமு போடறதுல கெட்டிதான் மாப்ள, வாங்கறதுலயும் கெட்டி” என்று ஒருவர் சொல்ல, அண்ணன் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இருந்தாலும் இரண்டு நாள் அவன் என்னிடம் பேசவில்லை.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. பலகைக்குக் கிட்டே வந்து, “செரி, ரெண்டுல எது நாயம்? அவங்க ஏன் வகுக்கறாங்க?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். “அப்ப தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்லு” என்றார்.

திருவிழாவில் மாமா முன்கழியைத் தூக்கினார். அண்ணன் புதுச் சட்டையில் பின்கழியில் வந்தான். நான் பெண்களோடு மெழுகுவர்த்தி பிடித்து நடந்தேன். பாட்டு வாயில் ஓடிக்கொண்டிருக்க, மனம் கழித்தும் வகுத்தும் பார்த்தபடி வந்தது. பன்னிரண்டு கோல் போட்டு ஒன்றுமே வாங்காத அணியை எதால் வகுப்பார்கள்?

பரீட்சை முடிவு வந்தது. அப்பா டீச்சர் டிரெயினிங் படிவம் வாங்கி வைத்திருந்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி மாமாதான் அவரிடம் பேசினார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்று எனக்குச் சொல்லவில்லை. அந்தப் படிவத்தை நிரப்பாமல் மடித்து வைத்தேன். சேலத்துக் கல்லூரிக்கு, ஒரு வருடப் புகுமுக வகுப்பான பி.யு.சி.யில் கணிதப் பிரிவு கேட்டு எழுதினேன். போன திங்கட்கிழமை விடுதியில் சேர்ந்தேன். முதல் வகுப்பு நேற்று நடந்தது. மாமா கேட்ட கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.