அந்துருண்டை மணக்கும் இதயம்

கொடைக்கானல் குளிருக்குப் பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளியில் தந்த கணினி முன் மருமகள் உட்கார்ந்தாள். பல பள்ளிகளுக்குத் திரைவழியே அவள் பாடம் எடுக்க வேண்டுமாம். இதயம் துடிப்பதுபோலப் படம் செய்யப் பழகிக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டரின் அந்துருண்டை வாசனை என்னை ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டது.

எங்கள் வாத்தியாரிடமும் ஓர் இதயப் படம் இருந்தது. அவருடைய கோட்டோடு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். இரண்டும் ஆய்வாளர் வரும் நாளில்தான் வெளியே வரும். அந்த ஆண்டு அவர் வேலை நிரந்தரமாவது ஆய்வாளர் கையில் இருந்தது.

"படத்தைத் தெனமும் காட்டுறீங்களா?"

"தெனமும்தாங்கய்யா."

ஆய்வாளர் படத்தருகே மூக்கைக் கொண்டுபோனார். "அந்துருண்டை வாடை அடிக்குதே?"

வாத்தியார் முகம் வெளுத்தது. பஜார் கடைக்காரர் மகன் காதர் எழுந்தான். "அது சாரோட கோட்டு வாடைங்கய்யா!"

ஆய்வாளர் கோட்டையும் முகர்ந்தார், சிரித்தார், வேலையை நிரந்தரமாக்கப் பரிந்துரைத்தார்.

மறுநாள் காதர் கேட்டான்: "நேத்துக் காட்டுன நெஞ்சை இன்னொருக்கா காட்டுங்க சார்."

"ஏலே, பேசாம ஒக்காரு. அடுத்த வருசம் பாக்கலாம்."

கல்வி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்; அழகான படத்தைக் கண்டால் சந்தேகம்தான் முதலில் வரும். திரையில் துடித்த இதயத்தைப் பார்த்து மருமகளிடம் கேட்டேன்:

"பிள்ளைகளுக்கு இதை எப்பம்மா காட்டுவ?"

"மொதல்ல ஆபீசர் பாக்கணும் மாமா. பாத்துட்டா மிசினை அடுத்த ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்களாம்."