வண்டி ஏன் சூடானது

குழந்தைக்குப் பால் காய்ச்ச என்று என் அம்மா வாங்கிவைத்திருந்த சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் ஒருநாள் வண்டியின் உதிரிப் பாகம் ஒன்று வெந்துகொண்டிருந்தது. அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. தரையில் வைத்த அடுப்பின் முன்னால் என் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் பித்தளை வில்லை அது. தெர்மோஸ்டாட் என்று பெயர் சொன்னார். என்ஜின் சூடாகும்போது அது தானாகத் திறந்து தண்ணீருக்கு வழிவிட வேண்டுமாம், திறக்காவிட்டால் வண்டி கொதித்துவிடுமாம். அதை ஒரு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார். அந்தப் பாத்திரம் எதற்காக வாங்கியது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நாங்கள் அருகருகே உட்கார்ந்தது அன்றுதான். தண்ணீர் கொதித்தது. வில்லையின் நடுப்பகுதி மெல்ல மேலெழுந்து வாய் திறந்தது.

“தொறந்துடுச்சி” என்றார். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்தி. அவர் முகமோ சுருங்கிப்போனது. “இது நல்லாத்தாம்மா இருக்குது. இது இல்ல.”

அவருடைய அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். சொந்தமாக ஒரு வண்டி என்று அவர்கள் குடும்பத்தில் முதலில் வாங்கியவர் இவர்தான். மூக்கு நீண்ட, பழைய டீசல் பிக்அப். யாரோ ஓட்டித் தேய்த்து ஓரங்கட்டியதை வாங்கி, நீலப் பெயின்ட் அடித்து, முன்கண்ணாடியின் மேல் ஒரு சிலுவை ஒட்டினார். வாலாஜாபாத் ரைஸ் மில்களிலிருந்து காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு அரிசி மூட்டை ஏற்றி வருவார். நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் குடியிருந்தோம். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் தறி. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் வண்டி. தறிக்கான பாவு நூலை நீட்டுகிற நாட்களில் தெருவை அடைக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தள்ளி நிறுத்திவிட்டு வருவார். அதனால் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். வண்டியை அவர் வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. “மூட்டையும் கெடக்கூடாது, வண்டியும் கெடக்கூடாது” என்பார்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டானேன். ஏழாம் மாதம் வளையல் போட்டு வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மாலையில் லோடு இறக்கிவிட்டு அவர் நேராக அங்கே வந்துவிடுவார். வயிற்றின் மேல் காது வைத்துக் கேட்பார். கேட்டது என்ன என்று என்னிடம் சொல்ல மாட்டார்.

கோடை முடியாத ஒரு காலையில் வலி கண்டது. ஆம்புலன்சுக்குப் போன் செய்யலாமென்று அம்மா சொன்னாள். “அது வர்றவரைக்கும் காத்துக்கினு இருக்கறதுக்கு நாமே போயிடலாம் அத்தை. வண்டி வாசல்லதானே நிக்குது” என்றார் அவர். எனக்கு அதுதான் சரியென்று பட்டது. இன்றைக்கும் சரியென்றே படுகிறது. அம்மா என்னைத் தாங்கிக்கொண்டு நடுவில் உட்கார, காஞ்சிபுரம் ரோட்டில் அவர் வண்டியை விரட்டினார். அந்த வண்டியால் அப்படி ஓட முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கதவுகள் அடித்துக்கொண்டன. அய்யம்பேட்டை தாண்டியதும் ஏதோ காந்துகிற நாற்றம் வந்தது. சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குள் போய்ச் சாய்ந்திருப்பதை வலியோடு நானும் பார்த்தேன். பானட்டின் இடுக்கெல்லாம் ஆவி கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது.

இறங்கி ஓடி, சூடு தணியும்வரை பொறுக்காமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கொதிநீர் பீறிட்டு முன்கை வெந்தது. கத்தக்கூட இல்லை. ரோட்டோர வீட்டுப் பெண் ஒருத்தி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஊற்றினார், வண்டி கிளம்பவில்லை. மறுபடி ஊற்றினார். பிறகு நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள்.

பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்லவர். என் கட்டிலருகே நின்று எங்கள் இருவருக்கும் சேர்த்தே சொன்னார். வலி வருவதற்கு முன்பே குழந்தையின் இதயம் நின்றுபோயிருக்கிறது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தாலும் எதுவும் செய்திருக்க முடியாது. “ஏம்மா நின்னுது?” என்று என் கணவர் கேட்டார். “சில சமயம் எங்களுக்கும் தெரியறதில்லைப்பா” என்றார் டாக்டரம்மா. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெந்த கையைச் சட்டைக்குள் மறைத்தபடி குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். அவரும் அவருடைய அண்ணனும் வாலாஜாபாத்துக்கு எடுத்துப் போய்ப் பாலாற்று மணலில் புதைத்துவிட்டு வந்தார்கள். பிறக்குமுன் போன குழந்தைகளை ஆற்றில் வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பெற்றவளைக் கூட்டிப்போவதில்லை. நான் கட்டிலில் பால் கட்டிய மார்போடு படுத்திருந்தேன்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்தினார்கள். அதன்பின் மாதக்கணக்கில் அவர் லோடுக்குப் போகவில்லை. காலையில் பானட்டைத் திறந்தால் வெளிச்சம் இருக்கும்வரை அதற்குள்ளேயே குனிந்து கிடப்பார். ஃபேன் பெல்ட்டை மாற்றினார். வாட்டர் பம்பைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தார். ரேடியேட்டரைத் தோளில் சுமந்துகொண்டு போய், அதைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்யும் ஒரு பாயிடம் கொடுத்தார். பாய் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்து, அவரோடு கூடவே எங்கள் வீட்டுக்கு நடந்துவந்தார். “அடைப்பே இல்லப்பா. தண்ணி சரசரன்னு ஓடுது. இன்னா தேடிக்கினு இருக்கற நீ?” என்றார். என் கணவர் மறுபடி பானட்டுக்குள் குனிந்தார். பாய் என்னைப் பார்த்தார், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போய்விட்டார்.

குழந்தை ஏன் போனது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. வண்டி ஏன் சூடானது என்பதற்குக் கட்டாயம் ஒரு பதில் இருக்க வேண்டும். அதைத்தான் அவர் தேடினார் என்று எனக்குப் புரிந்திருந்தது. அதனால் நான் தடுக்கவில்லை. சில நாள் கோபம் வந்தது. நான் உள்ளே படுத்து அழுகிற சத்தம் வாசலில் அவருக்குக் கேட்கும். ஸ்பேனர் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கும். உள்ளே வந்து பக்கத்தில் உட்காரலாமே என்று நினைப்பேன். வரத் தெரியவில்லை அவருக்கு.

வேடிக்கை என்னவென்றால், வாசலில் நிறுத்தி எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் வண்டி சூடாகவே இல்லை. சந்துக்குள் ஓட்டினாலும் இல்லை. முள் நடுவிலேயே நின்றது. அதுதான் அவரைப் பைத்தியமாக அடித்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் வெள்ளம் வந்திருக்கிறதென்று ஊரே கிளம்பிப் போய்ப் பார்த்தது. வறண்டு கிடந்த ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறதென்று பக்கத்து வீட்டுக்காரம்மா வாய் கொள்ளாமல் வந்து சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் தட்டிலேயே கைகழுவினார். எனக்கு அப்போது காரணம் உறைக்கவில்லை.

மழை ஓய்ந்த ஒரு நாள் வண்டியை ஓடவிட்டுவிட்டு, “நீ இங்க நின்னு பாரும்மா. நான் உள்ள ஒக்காந்து அழுத்தறேன். தண்ணி எங்கயாவது கசியுதான்னு சொல்லு” என்றார். நான் திறந்த பானட் பக்கம் நின்றேன். அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். கசிவு எதுவும் இல்லை. “இன்னும் அழுத்துங்க” என்றேன். என்ஜின் அலறியது. அப்போது ரேடியேட்டரின் அடியிலிருந்து என்ஜினுக்குப் போகிற தடித்த ரப்பர் குழாய், யாரோ உள்ளிருந்து உறிஞ்சுவதுபோல ஒட்டித் தட்டையாகிப்போனது. அவர் காலை எடுத்ததும் பழையபடி உருண்டையானது.

நான் சொன்னதைக் கேட்டுத் தானும் குனிந்து பார்த்தார். குழாயைக் கழற்றிக் கைவிட்டுத் துழாவினார். அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்க வேண்டுமாம். துருப்பிடித்து உதிர்ந்து பொடியாகக் கிடந்தது. மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. விரட்டினால் பம்ப் வேகமாக இழுக்கும், குழாய் ஒட்டிக்கொள்ளும், என்ஜினுக்குத் தண்ணீர் போகாது.

அந்த வண்டியை அவர் விரட்டியது ஆயுளில் ஒரே ஒரு தரம்தான்.

குழாயை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்து தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் எப்பவும்போல வந்திருந்தா நின்னிருக்காதும்மா. எப்பவும்போல வந்திருந்தா போதும்” என்றார். நான் அவர் முன்னால் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னேன். “தெரியும்” என்றார். “தெரியும்மா.” பிறகு அழுதார். குழந்தை போனபிறகு முதல் தடவையாக அழுதார். தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. எவரும் வெளியே வந்து பார்க்கவில்லை. அந்தத் தெருவுக்கு நான் அதற்காக இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

புதுக் குழாய் போட்டபின் முதல் ஓட்டத்துக்கு மில்லுக்குப் போகவில்லை. “ஏறும்மா, பாப்பாவைப் பாத்துட்டு வரலாம்” என்றார். நான் கேட்காமலே சொன்னார். வாலாஜாபாத் பாலத்தருகே வண்டியை நிறுத்தினார். வெள்ளம் வடிந்து, ஆற்றின் நடுவே மட்டும் ஒரு ஓடை போய்க்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் புதுமணல், சலித்துக் கொட்டியதுபோல. இறங்கி நடந்தார். நின்றார். திரும்பி வேறு பக்கம் நடந்தார்.

“ஒரு கல்லு வெச்சிருந்தேன்” என்றார். “அந்த வேப்பமரத்துக்கு நேரா. இல்ல, அதோ அந்த மேட்டுக்கு இந்தாண்ட.” மேடு இல்லை. வேப்பமரத்தின் பாதி வேர் வெளியே தொங்கியது. முழங்காலிட்டு ஓரிடத்தில் மணலைக் கையால் தள்ளினார். எழுந்துபோய் இன்னோரிடத்தில் தள்ளினார். வெந்து ஆறிய அந்தக் கையில் தோல் இன்னும் வெளுத்தே இருந்தது. நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். “போதும், வாங்க” என்றேன். வர மனமில்லாமல் வந்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவர் கடைசிவரை மெதுவாகத்தான் ஓட்டினார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போவார்கள். நான் ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் என்னை இறக்கிவிட்டுத்தான் லோடுக்குப் போவார். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை. பேசாமலே வாழ்ந்தோம், நன்றாகத்தான் வாழ்ந்தோம்.

போன வருடம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான். உறவெல்லாம் வந்து வீடு நிறைந்தது. வாலாஜாபாத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த என் தம்பிக்குப் போன் செய்தேன்.

“வரும்போது ஆத்துல எறங்கி ஒரு கை மணல் எடுத்துக்கினு வா.”

“எந்த எடத்துலக்கா?” என்றான்.

“எங்கேயிருந்தாலும் பரவாயில்லப்பா” என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியதும் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நான் முந்தானையில் முடிந்துவைத்திருந்ததை அவிழ்த்துப் போட்டேன். மணல் இன்னும் ஈரமாக இருந்தது. எவ்வளவு உதறியும் கொஞ்சம் என் உள்ளங்கையைவிட்டு இறங்கவில்லை.